அடையாற்றின் கேள்வியோடு அயல்நாடு செல்லட்டும்

வடகிழக்குப் பருவமழை சென்னையில் கொட்டும் வாரங்களும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நம் மாணவர்கள் விண்ணப்பம் தயாரிக்கும் வாரங்களும் ஒன்றுதான். தீபாவளி கழிந்ததும் பரிந்துரைக் கடிதம் கேட்டு எங்கள் துறைக்கு வரும் பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். சுற்றுச்சூழல் அறிவியலில் இளங்கலைப் பட்டம் முடிக்கவிருப்பவர்கள். எதற்கு இந்தப் படிப்பு, எதற்கு அந்த நாடு என்று விளக்கும் நோக்க அறிக்கையையும் கையோடு கொண்டுவருவார்கள். அவற்றில் பலவும் தி.நகரில் உள்ள ஆலோசனை நிறுவனங்களில் திருத்தி வாங்கப்பட்டவை. ஆர்க்டிக் பனி உருகுவது அதில் இருக்கும். அமேசான் காடு எரிவது இருக்கும். கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே ஓடும் அடையாறு பெரும்பாலும் இருக்காது.

அந்த நிறுவனங்கள் நிற்கும் நிலம் ஒருகாலத்தில் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கமாக நீண்டு கிடந்ததால் அதை ஆங்கிலேயர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே ஏரியைத் தூர்த்து மனை பிரித்தார்கள்; தியாகராய நகர் பிறந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் சாலையும் அந்தக் கரையின் அடையாளங்கள். பள்ளத்தில் சேரும் மழைநீரை இன்று மாம்பலம் கால்வாய் வாங்கிக்கொண்டுபோய் நந்தனம் அருகே அடையாற்றில் விடுகிறது. கால்வாயால் முடியாத நாள்களில் நீர் தன் பழைய படுகையில் தேங்குகிறது, நாம் தி.நகரில் வெள்ளம் என்கிறோம். நகர வெள்ளம் பற்றி லண்டனில் முதுகலை படிக்க விரும்புவதாக ஒரு மாணவி எழுதும்போது, தான் உட்கார்ந்து எழுதும் இடத்தின் இந்த வரலாறு அவருக்குத் தெரிவதில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை. உச்ச நீதிமன்றம் 1991இல் எம்.சி.மேத்தா வழக்கில் சுற்றுச்சூழல் கல்வி எல்லோருக்கும் வேண்டும் என்றது. அதன் பயனாகப் பட்டப்படிப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டாயத் தாள் வந்தது. அதைப் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மனப்பாடம் செய்கிறார்கள்.

பிள்ளைகள் வெளிநாடு போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகட்டும் என்றே ஆண்டுதோறும் கடிதம் எழுதித் தருகிறேன். என் வாதம் வேறு. எந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அவர்கள் போகிறார்கள், பதிலோடு திரும்பினால் அவர்களை வாங்கிக்கொள்ள இங்கே யார் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் நாம் கவனிப்பதில்லை. வங்கிக் கடன், விசா, விமானச் சீட்டு ஆகியவற்றோடு வெளிநாட்டுப் படிப்பு பற்றிய நம் பேச்சு முடிந்துவிடுகிறது. சுற்றுச்சூழல் அறிவியல் இடத்தோடு ஒட்டிய படிப்பு. அதில் இந்தக் கவனக்குறைவுக்கு நாம் கொடுக்கும் விலை மற்றப் படிப்புகளைவிட அதிகம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊரிலிருந்து போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1914இல் மயிலாப்பூர்க் கடற்கரையோரம் பெண்களுக்கென ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னால் அதற்கு ராணி மேரி கல்லூரி என்று பெயர். தலசேரியில் பிறந்த ஈ.கே.ஜானகி அம்மாள் அங்கே படித்துவிட்டு, மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆசிய நாடுகளின் பெண்களுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லெவி பார்பர் என்பவர் 1917இல் ஏற்படுத்திய உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. 1924இல் கப்பலேறினார். முதுகலை முடித்ததும் திரும்பி வந்து அதே மகளிர் கிறித்தவக் கல்லூரியில் மறுபடி பாடம் நடத்தினார். பிறகு இரண்டாவது முறையாக மிச்சிகன் போய், 1931இல் முனைவர் பட்டத்தோடு வந்தார். இந்தியப் பெண்கள் அறிவியலில் முனைவர் பட்டம் பெறுவது விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லாத காலம் அது.

இந்த வரலாற்றை நாம் ‘சாதனைப் பெண்மணி’ கதையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது இடையில் நடந்த அந்தத் திரும்பி வருதல். அவர் போகும்போது சென்னையில் அவருக்கு வேலை இருந்தது. வந்தபோதும் இருந்தது. கற்றுக்கொண்டதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பறை காத்திருந்தது. பெண்கள் கல்லூரிகளே ஒன்றிரண்டு இருந்த காலத்தில், அந்தச் சிறிய கல்லூரி செய்த காரியத்தை இன்று நம் பெரிய பல்கலைக்கழகங்கள் செய்வதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிச்சிகனில் ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட்டிடம் அவர் ஆராய்ந்தது நிக்காண்ட்ரா என்ற தென்னமெரிக்கச் செடியின் குரோமோசோம்களை. நம் ஊருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்ததும், அதே நுண்ணோக்கியையும் அதே கைப்பழக்கத்தையும் நம் ஆற்றங்கரைகளில் தானாக வளரும் காட்டு நாணல் பக்கம் திருப்பினார். கரும்போடு அதைக் கலந்து புதிய வகைகளை உண்டாக்கும் வேலைக்கு அவருடைய ஆய்வு அடித்தளமானது. அந்த நாணல் இனத்தின் தாயகம் இந்தியா என்று நிறுவவும் உதவியது. எம்.எஸ்.சுவாமிநாதனும் நெதர்லாந்தின் வாகெனிங்கனிலும் கேம்பிரிட்ஜிலும் விஸ்கான்சினிலும் உருளைக்கிழங்கைத்தான் ஆராய்ந்தார். 1954இல் திரும்பியபோது கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்த தற்காலிக வேலையில் சேர்ந்து நெல்லில் இறங்கினார். அயலில் கற்பது முறை. கேள்வி சொந்த மண்ணிலிருந்து வர வேண்டும். இந்த இருவரும் அப்படித்தான் வேலை செய்தார்கள்.

ஜானகி அம்மாள் கோயம்புத்தூரில் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. திருமணம் செய்துகொள்ளாத பெண், அந்நாளில் தாழ்வாகக் கருதப்பட்ட சாதியில் பிறந்தவர் என்ற இரண்டு காரணங்களால் உடன்பணியாற்றிய ஆண்கள் நடுவே அவர் பட்ட தொல்லைகள் பதிவாகியிருக்கின்றன. 1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். போர் மூண்டது, அங்கேயே தங்கினார். லண்டன் ஜான் இன்ஸ் நிலையத்திலும் பிறகு விஸ்லியில் அரச தோட்டக்கலைச் சங்கத்திலும் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு உலகெங்கும் ஆய்வகங்களில் கையேடானது. அந்தப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1951இல் நேரு அழைத்தபோதுதான் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க அவர் திரும்பினார். சென்னையில் ஒரு கல்லூரி கதவைத் திறந்துவைத்தபோது வந்தவர், கோயம்புத்தூரில் கதவு இறுகியபோது போய்விட்டார். திரும்பாத மாணவர்களைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று ஏசுகிறவர்கள் இந்த வாழ்க்கையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அயலில் படிக்கும் மாணவர்களுக்கு வருகிறேன். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் மூன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் கணினியும் பொறியியலும் படிக்கப் போனவர்கள். சுற்றுச்சூழல் மாணவர்களுக்கு அமெரிக்கக் கட்டணம் எட்டுவதில்லை. படித்து முடித்ததும் கைநிறையச் சம்பளம் என்ற உறுதியும் அவர்களுக்கு இல்லை. அதனால் அவர்கள் கண் ஜெர்மனி பக்கம் போகிறது. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசா வாங்க ஓர் ஆண்டுக்கான வாழ்க்கைச் செலவை, 11,904 யூரோவை, முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் பதினொரு லட்சத்துக்கு மேல். சான்றிதழ்களைச் சரிபார்த்து வழங்கும் ஏபிஎஸ் சான்று வேறு. நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவனில் மாலை வகுப்புக்குப் போய் மொழி படிக்கிறார்கள். இத்தனையையும் தாண்டி மந்தைவெளியிலிருந்து போன ஒரு மாணவி, ஜெர்மனியின் மேற்கே ரூர் பகுதியில் முதுகலை படிக்கிறார். அவர் அனுப்பும் குரல் பதிவுகளிலிருந்து நான் கற்றுக்கொண்டவை நிறைய.

முதல் மாதத்திலேயே அவர்களை ஆற்றில் இறக்கினார்களாம். தொடை வரைக்கும் ஏறும் ரப்பர் காலணியைப் போட்டுக்கொண்டு, நீரோட்டத்தில் நின்று, காலால் கூழாங்கற்களைக் கிளறிவிட வேண்டும். மிதந்துவரும் பூச்சிகளின் இளம்புழுக்களை வலையில் பிடித்துக் கரையில் வெள்ளைத் தட்டில் கொட்டி, இனம் இனமாகப் பிரிக்க வேண்டும். கல்லில் ஒட்டி வாழும் சில இனங்கள் ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலே மறைந்துவிடும். சிவப்புநிறப் புழுக்கள் சாக்கடையிலும் பிழைக்கும். எது இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்தே ஆற்றின் நலத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். வேதியியல் சோதனை அந்த நொடியின் நீரைச் சொல்லும். பூச்சிகளோ கடந்த சில மாதங்களில் அந்த ஆறு பட்டதைச் சொல்லும். “சார், நம்ம லேபில் ஆக்சிஜன் அளக்குற வின்க்ளர் டைட்ரேஷன் நல்லா செய்வோம். ஆனா மூணு வருஷத்துல ஒருநாள்கூட ஆத்துல கால் வைக்கலையே” என்றார். அந்தக் குரலில் இருந்தது குற்றச்சாட்டு அல்ல, ஏக்கம்.

அவர் இறங்கியது எம்ஷர் ஆற்றின் கிளை ஒன்றில். எம்ஷரின் கதையைச் சென்னைக்காரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி அது. சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே நிலம் இறங்கியது. பூமிக்கடியில் கழிவுநீர்க் குழாய் போட்டால் உடைந்துவிடும். ஆகவே 1899இல் ஊர்களும் ஆலைகளும் சேர்ந்து ஓர் அமைப்பை உண்டாக்கி, எம்ஷரையே திறந்த சாக்கடையாக மாற்றிக்கொண்டன. காங்கிரீட் தளம் போட்டு, நேர்க்கோட்டில் வெட்டி, கரையில் வேலியும் கட்டினார்கள். சுரங்கத் தொழில் ஓய்ந்து நிலம் அசைவது நின்ற பிறகுதான் மாற்றி யோசிக்க முடிந்தது. 1992இல் வேலையைத் தொடங்கினார்கள். 2021ஆம் ஆண்டு முடிவில் எம்ஷரில் கழிவுநீர் கலப்பது முழுதும் நின்றது. முப்பது ஆண்டுகள்; சுமார் 550 கோடி யூரோ. அதில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் போனது. கழிவுநீருக்கென 51 கிலோமீட்டர் நீள முதன்மைக் குழாயை ஆழத்தில் பதித்தார்கள். ஒவ்வொரு கிளையிலும் சாக்கடை நின்ற பிறகே காங்கிரீட்டைப் பெயர்த்தார்கள், கரையை வளைத்தார்கள், செடி வைத்தார்கள்.

நம்முடைய வரிசை வேறு. அடையாற்று முகத்துவாரத்தில் தொல்காப்பியப் பூங்காவின் 58 ஏக்கர் 2011இல் திறக்கப்பட்டது. குப்பைமேடாகிக் கொண்டிருந்த ஓர் உப்பங்கழியை மீட்ட அந்த வேலையை நான் மதிக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவதும் நல்ல காரியம். ஆனால் மேலே சைதாப்பேட்டையிலும் அதற்கும் மேற்கே அனகாபுத்தூர் வரையிலும் கழிவுநீர் ஆற்றில் விழுந்துகொண்டிருக்க, கடைக்கோடியில் பூங்கா மட்டும் தனித்துத் தழைக்க முடியாது. அலை ஏறும்போது ஆற்றுநீர் அங்கேயும் வரும். எம்ஷரின் வரிசையை, முதலில் கழிவுநீர், பிறகு கரை, கடைசியில் பூங்கா என்ற அந்த ஒழுங்கை, உள்ளிருந்து பார்த்துப் புரிந்துகொண்ட ஒருவர் சென்னைக்குத் தேவை. அந்த மாணவி அப்படி ஒருவராகிக் கொண்டிருக்கிறார்.

அவர் கற்றதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தும் பயனில்லை. அந்தப் பூச்சி மதிப்பெண் முறை, குளிர்ந்த, கூழாங்கல் நிறைந்த, ஆண்டு முழுதும் ஓடும் ஐரோப்பிய ஓடைகளை வைத்து உருவானது. அடையாறு 42 கிலோமீட்டர் ஆறு. ஏரிகளின் உபரிநீரில் பிறக்கிறது. மழைக்காலத்தில் பாய்கிறது, கோடையில் அதில் ஓடுவது பெரும்பாலும் நகரம் விட்ட கழிவுநீரே. பட்டினப்பாக்கத்துக்கும் பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கும் நடுவே முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துவிடும். எந்திரத்தால் வெட்டித் திறக்க வேண்டியிருக்கும். இங்கே எந்தப் புழு, எந்த நண்டு, எந்த நத்தை ஆற்றின் நிலையைச் சொல்லும் என்ற பட்டியலை இங்கே இறங்கித்தான் எழுத வேண்டும். நல்ல முனைவர் பட்ட ஆய்வு ஒன்றுக்கு வேண்டிய எல்லாமும் அதில் இருக்கிறது.

உள்ளூர் மண்ணைப் படிக்காமல் வெளியிலிருந்து திட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்சென்னையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கோவளம் வடிநிலத்துக்கான மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி கடன் கொடுத்தது. அதில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பகுதியும் சேர்ந்திருந்தது. திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோரம் முழுக்க மணல். பெய்யும் மழையை அந்த மணல் உறிஞ்சி அடியில் நன்னீராகச் சேர்த்துவைக்கிறது. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பதும் அந்த நன்னீர்தான். அங்கே காங்கிரீட் வடிகால் போட்டு மழைநீரைக் கடலுக்கு அனுப்பினால் கிணறுகள் உவர்க்கும் என்று குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்கள் சொன்னது நியாயம் என்பது என் கருத்து. மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கி 2003இல் வீடுதோறும் செய்ய வைத்த ஊர் இது. அந்த அனுபவத்தையும் மணல் நிலத்தின் இயல்பையும் அறிந்த ஓர் இளைஞர், கடன் கொடுக்கும் நாட்டின் பொறியாளர்களுடைய மொழியும் கணக்கும் தெரிந்தவராகத் திட்டம் போடும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தால், இந்த வழக்கே வந்திருக்காது. வெளிநாட்டுப் படிப்பால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது.

மாணவியின் இன்னொரு பதிவு என்னை அதிகம் பாதித்தது. வகுப்பில் அவரவர் ஊர் ஆற்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சக மாணவர்கள் தங்கள் ஊர் அளவு நிலையங்களின் பதிவுகளை இணையத்திலிருந்து எடுத்துப் பத்து, இருபது ஆண்டு வரைபடம் போட்டார்கள். இவரிடம் 2015 டிசம்பர் வெள்ளத்தின் படங்கள் இருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது என்ற செய்தி இருந்தது. அந்த இரவு வழியெல்லாம் வந்து சேர்ந்த நீரையும் கூட்டி, சைதாப்பேட்டையில் ஆறு எவ்வளவு சுமந்தது என்ற கேள்விக்குக் காட்ட வரிசையான அளவீடு அவர் கைக்குக் கிடைக்கவில்லை. குடிநீர் ஏரிகளின் இருப்பை நாள்தோறும் சென்னைக் குடிநீர் வாரியம் வெளியிடுகிறது, பாராட்ட வேண்டும். ஆற்றின் ஓட்டத்தையும் தரத்தையும் அதே போல மாணவர் எவரும் எடுத்துப் பயன்படுத்தும் வடிவில் தொடர்ச்சியாக வெளியிட்டால் என்ன? அளவீடுகள் இல்லாமல் இல்லை. துறைக்குத் துறை சிதறிக் கிடக்கின்றன. தன் ஊரைப் பற்றி ஆராய ஆசைப்படும் மாணவி, தரவு கிடைக்கும் ஊரின் ஆற்றையே கடைசியில் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்கிறார். நம் பிள்ளைகளின் உழைப்பு அயல்நாட்டு ஆறுகளுக்குப் போவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே ஒன்றிய அரசின் ஒரு முடிவையும் பேசியாக வேண்டும். பட்டியலின மாணவர்கள், நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களின் பிள்ளைகள் போன்றோர் வெளிநாட்டில் படிக்கத் தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளை 2022இல் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இனி உதவித்தொகை இல்லை என்றார்கள். இந்தியாவை ஆராய வெளிநாடு எதற்கு என்பது அதன் அடிப்படை. இது தவறான முடிவு. சுற்றுச்சூழலில் சமூகத்தைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் நீரும் மண்ணும்தான். அடையாற்றங்கரையில் யார் குடியிருந்தார்கள், வெள்ளத்துக்குப் பின் அவர்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பியபோது அவர்களுடைய வேலையும் பிள்ளைகளின் படிப்பும் என்ன ஆயின என்பதும் ஆற்றைப் பற்றிய ஆய்வுதான். அதை முதலில் எழுத வேண்டியவர்கள் அந்தக் கரைகளிலிருந்து படித்து வந்த பிள்ளைகள். 1955இல் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதர் எப்படி மாற்றினார்கள் என்பது பற்றி நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை படைக்க அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். அவர் அங்கே பேசியது இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரத்தைப் பற்றி. பழங்குடிகளின் வேளாண்மையைப் பற்றி. இந்தியாவைப் பற்றிய அறிவை உலக மன்றத்தில் வைத்துப் பேச ஒருவர் இருந்ததால் நாம் இழந்தது எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்காக நடத்தும் அயலக உயர்கல்வித் திட்டத்தில் இப்படியொரு வேலி ஒருபோதும் வரக் கூடாது.

வேலி எடுக்கப்பட்டாலும் திரும்பி வருகிறவருக்கு இடம் வேண்டுமே. கல்விக் கடனோடு வரும் ஒரு முதுகலைப் பட்டதாரிக்கு இங்குள்ள அரசுக் கல்லூரிகளில் எளிதாகக் கிடைக்கக்கூடியது கௌரவ விரிவுரையாளர் பணி. தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டு முழுவதற்கும் இல்லை. கடன் தவணையே அதற்கு அருகில் வந்துவிடும். வீட்டில் அப்பாவும் அம்மாவும் முகம் வாடுவதைப் பார்த்தபிறகு அங்கேயே ஒரு வேலை தேடிக்கொள்கிற பிள்ளையை எப்படிக் குறை சொல்வது? மாவட்டங்களில் இளைஞர்களைச் சுற்றுச்சூழல் பணிகளில் அமர்த்தும் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் நல்ல தொடக்கம். இரண்டு ஆண்டு முடிந்ததும் அவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் அரசு இப்போதே யோசிக்க வேண்டும். ஆறுகளையும் கால்வாய்களையும் கையாளும் துறைகளில் சூழலியல் படித்தவர்களுக்கென நிரந்தரப் பணியிடங்கள் இல்லை. பொறியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களும் தேவை. ஆனால் உயிருள்ள ஆற்றைப் படித்த ஒருவரும் அந்த அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

கள அனுபவத்துக்கு வெளிநாடுதான் போக வேண்டும் என்பதில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறேன். 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் ஒரு பணி பெசன்ட் நகர்க் கடற்கரையில் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இரவெல்லாம் நீலாங்கரையிலிருந்து நடந்து வந்து, பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். எத்தனை முட்டை, எந்த இடம், எத்தனை குஞ்சு கடலுக்குப் போயின, எத்தனை ஆமைகள் இறந்து ஒதுங்கின என்று ஆண்டு தவறாமல் குறித்துவைக்கிறார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது அதன் கடுமையை ஊர் உணர்ந்ததற்கு, முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்ததும் ஒரு காரணம். சம்பளமும் மதிப்பெண்ணும் இல்லாமல் மாணவர்கள் சேர்த்த தரவு அது. இந்த நடையில் ஒரு பருவம் கலந்துகொண்டதைத் தன் நோக்க அறிக்கையில் எழுதிய மாணவருக்கு நான் தயக்கமே இல்லாமல் கடிதம் கொடுத்தேன். கேள்வி அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

கல்லூரிகள் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் வட்டாரக் கல்லூரிகள் ஆளுக்கு ஒரு நீர்நிலையை எடுத்துக்கொள்ளலாம். பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி, மாம்பலம் கால்வாய், கபாலீசுவரர் கோயில் குளம், கோட்டூர்புரத்து ஆற்றங்கரை. மாதந்தோறும் அளந்து, பதிவேட்டில் எழுதி, எல்லோருக்கும் திறந்து வைக்கட்டும். இளங்கலை மாணவர் அந்தப் பதிவேட்டில் மூன்று ஆண்டு கைவைத்தவராக வெளிநாடு போவார். அங்கே முதுகலை ஆய்வேட்டுக்குப் பல பல்கலைக்கழகங்கள் ஆறு மாதம் தருகின்றன. வேறு நாட்டில் களப்பணி செய்யவும் பெரும்பாலும் இசைகின்றன. அந்த ஆறு மாதம் சென்னைக்கு வந்தால், பழைய கல்லூரி மேசையும் ஆய்வகமும் கொடுத்து உள்வழிகாட்டி ஒருவரையும் அமர்த்தட்டும். ஐஐடி வளாகத்தில் 2010 முதல் இயங்கும் இந்திய-ஜெர்மன் நிலைத்த வளர்ச்சி மையம் ஆராய்ச்சியாளர்களுக்கு இத்தகைய பாலத்தைப் போட்டிருக்கிறது. கலை அறிவியல் கல்லூரிகளின் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். நிரந்தரப் பணியில் உள்ள இளம் ஆசிரியர்கள் மேற்படிப்புக்குப் போனால் இடத்தை வைத்துக் காத்திருப்பதும், நூறு ஆண்டுகளுக்கு முன்பு மகளிர் கிறித்தவக் கல்லூரியால் முடிந்த காரியம்.

ஜானகி அம்மாள் 1970இல் சென்னைக்கே வந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் சிறப்பு நிலை அறிவியலாளராக, மதுரவாயல் ஆய்வுக்களத்தில் மருந்துச் செடிகளை வளர்த்துக்கொண்டு 1984 பிப்ரவரியில் மறையும் வரை வேலை செய்தார். எண்பது வயதைக் கடந்த பிறகு கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கும் போராட்டத்தில் சேர்ந்து, அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்க முனைந்தார். காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது அவர் மறைந்த அதே ஆண்டின் நவம்பரில். மிச்சிகனில் 1920களில் பழகிய கை கடைசியாக வேலை பார்த்தது ஒரு மலைக்காட்டுக்காக.

ரூர் பகுதி மாணவி தன் ஆய்வேட்டுக்கு அடையாற்று முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ள விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். பேராசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். சேற்று மாதிரி எடுக்க யாரிடம் அனுமதி கேட்பது என்பது அவருடைய இப்போதைய கேள்வி. ஆறு நீர்வளத் துறையின் கையில். நீரின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில். கழிவுநீர்க் குழாய்கள் குடிநீர் வாரியத்திடம். மழைநீர்க் கால்வாய்கள் மாநகராட்சியிடம். சதுப்புநிலமோ அலையாத்தி மரங்களோ குறுக்கிட்டால் வனத் துறையிடமும் போக வேண்டும். ஆறு மாத ஆய்வில் பாதி இந்தப் படிக்கட்டுகளிலேயே கழிந்துவிடும். இந்தத் துறைகளை ஒருங்கிணைக்கவென்றே சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை இருக்கிறது. மாணவர்களின் ஆய்வு விண்ணப்பங்களை வாங்கி, முப்பது நாளில் எல்லா அனுமதியும் பெற்றுத் தரும் பொறுப்பையும், முடிந்த ஆய்வேட்டின் தரவை வாங்கிப் பொதுவில் வைக்கும் பொறுப்பையும் அதனிடம் ஒப்படைக்க ஓர் அரசாணை போதும்.